சாவி கைமாறிய கதை

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள ராமலிங்கம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை. இங்கே எல்லோரும் நலம். சரோஜாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல். தங்கையை விசாரித்ததாகச் சொல். வேறு யாராவது உன் காதில் போடுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: கார்ச் சாவி இனி என்னிடம் இல்லை. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

காலாண்டு விடுமுறையில் கயல், மாப்பிள்ளை, பேரன், நாங்கள் இருவர் என ஐந்து பேரும் பவானி, சத்தியமங்கலம் வழியாகப் போய், பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவுகளையும் நானே ஓட்டினேன்; ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் உன் அப்பாவின் அம்பாசிடரை உரசிப் பழகிய கைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காராப்பள்ளம் சோதனைச் சாவடியை நெருங்கும்போது பேரன் "தாத்தா, யானை!" என்று கத்தினான். கரும்பு லாரியை எதிர்பார்த்துச் சாலையோரம் நின்றிருந்த அந்த யானை, என் கண்ணுக்கு நனைந்த பாறையாகத்தான் தெரிந்தது. பாறை காதை ஆட்டிய பிறகே பிரேக்கை மிதித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் சுருக்கென்றது.

1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்த்த 9 காடுகளில் பந்திப்பூரும் ஒன்று என்று மாப்பிள்ளை பேரனுக்குப் பாடம் நடத்தினார். புலிதான் வகுப்புக்கு வரவில்லை. முதுமலை வரை சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. பூ என்னவோ அழகுதான், ஆனால் அடியில் புல் முளைக்க விடாத அந்தப் புதரில் மான் எதை மேயும்? தெப்பக்காட்டில் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் உருட்டி ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 வளைவுகளையும் ஏறி உதகை சேர்ந்தோம்.

வினை இறக்கத்தில்தான் வந்தது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று உன் அப்பா நம் இருவர் மண்டையிலும் குட்டிக் குட்டிச் சொன்னதை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடியோடு மறந்து, மூன்றாவது கியரிலேயே பிரேக்கை அழுத்தியபடி வந்திருக்கிறேன். முதலில் கருகல் வாடை. பிறகு பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. "அப்பா, ஓரமாக நிறுத்துங்கள்" என்றாள் கயல், குரலை உயர்த்தாமல். எப்படியோ நிறுத்திவிட்டேன். சக்கரத்திலிருந்து புகை வந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடிய மாப்பிள்ளையை, சூட்டில் ஊற்றினால் விரிசல் விடும் என்று டீக்கடைக்காரர் தடுத்தார். வண்டி ஆறும்வரை காத்திருந்து, பிறகு இரண்டாவது கியரில், பிரேக்கை அதிகம் தொடாமலே கயல் இறக்கினாள். பின் இருக்கையில் சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்; அவள் அப்படிப் பிடித்து எத்தனை வருடமாயிற்று என்று உனக்குத் தெரியும்.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. அதன்பின் ஓட்டலாம் என்கிறார். ஆனால் கியரை மறந்தது கண் அல்லவே, ராமலிங்கம். அதைத்தான் இரவில் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கயல் எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறாளாம். நீ இறங்கித் தள்ளிய அந்தப் பதினேழாவது வளைவைப் பேரனுக்குக் காட்ட வேண்டும். வருவதானால் சனிக்கிழமையே வந்து சேர். முன் இருக்கையை மட்டும் கேட்காதே.

என்றும் உன்,
மணி