வண்டி இப்போது வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்று தொலைபேசியில் நீ கேட்டவற்றுக்கு நான் பிடிகொடுக்காமல் பேசியதற்குக் காரணம், உன் மகன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததுதான். அவன் காதுக்கு எட்டாமல் சொல்ல வேண்டியவை சில இருப்பதால் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மின்சார ஸ்கூட்டர் வாங்கித் தருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறாய். உரிமம் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வேகமும் உள்ள வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. நீ படம் அனுப்பிய வண்டியின் விவரத்தில் அதைப்போல இரு மடங்கு வேகம் போட்டிருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை அப்படிப்பட்ட வண்டியை ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் அனுபவிக்க நேரும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கோ 25 வயது வரை உரிமம் கிடையாது. வண்டி உன் பெயரில் இருக்கும், நீ மஸ்கட்டில் இருப்பாய், காவல் நிலையத்தில் நிற்கப் போகிறவன் நான். அது கிடக்கட்டும், சட்டமே இல்லாவிட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன். டியூஷனுக்குப் போக வேண்டுமானால் சத்துவாச்சாரியில் நம் தெருவிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு ஏறி, நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் போக வேண்டும். சுற்றிவரச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வருகிற பைக்குகளும், சென்னை, பெங்களூர்ப் பேருந்துகளும், பள்ளி விடுகிற கூட்டமும் ஒரே நேரத்தில் அந்தச் சாலையில் நெருக்குவதை நீ இங்கிருந்த காலத்தில் பார்த்ததைவிட இப்போது அதிகமாகப் பார்க்கலாம். கிரீன் சர்க்கிள் ரவுண்டானா பக்கமோ சொல்லவே வேண்டாம்.

ஆட்டோவை ஏன் நிறுத்தினேன் என்று கேட்டாய். ஓட்டுநர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்ல மனிதர், அவருக்கும் வண்டிக் கடன் இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்கான ஆட்டோவில் பிள்ளைகளை நெருக்கி அடைத்து, அவருடைய இருக்கையின் ஓரத்தில் ஒருவனை உட்கார வைத்து, புத்தகப் பைகளை வெளியே கொக்கியில் மாட்டித்தான் அவரால் கட்டுபடியாகிறது. ஓரத்தில் உட்காருகிற அந்த ஒருவன், உயரமானவன் என்பதால், எப்போதும் நம் பையன்தான்.

இப்போது பள்ளிப் பேருந்தில் போகிறான். கட்டணம் கூடுதல், காலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்று முணுமுணுக்கிறான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தது உனக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது; உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களின் ஆய்வு எல்லாம் அதில் அடக்கம். ஆய்வு முடிந்த வண்டிதான் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். இருந்தாலும் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் காலமெல்லாம் கணக்கு எழுதியவன் அடுத்தவர் கூட்டலை அப்படியே நம்ப மாட்டான் அல்லவா. நானே ஏறித் தளத்தை மிதித்துப் பார்த்து, அவசரக் கதவைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருவதை உன் அம்மா கவனித்தாள். வேலூர் வெயில் உனக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் மதியத்தில் வகுப்பறை வெந்துகொண்டுதான் இருக்கும். நான் கேட்டபோது மறந்துவிட்டேன் என்றான். இரவில் தன் ஆயாவான உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்: மாணவர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெரிய வகுப்புப் பையன்கள் வேண்டுமென்றே கதவைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. நோயாளிகள் எவ்வளவு நீர் குடித்தார்கள், எவ்வளவு வெளியேறியது என்று அளந்து எழுதுவது உன் வேலை. சிறுநீரை நாள் முழுவதும் அடக்கினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்காணிப்புக் கேமரா எத்தனை என்று பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு, ஒரு தாழ்ப்பாள் கண்ணில் படவில்லை. நான் அவன் பெயரைச் சொல்லாமல் தலைமை ஆசிரியரிடம் பேசினேன். தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது, இடைவேளையில் அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்கிறார். இப்போது பாட்டில் பாதி காலியாகி வருகிறது. நீ இதைப் பற்றி அவனிடம் கேட்டுவிடாதே. ஆயா சொல்லிவிட்டாள் என்று தெரிந்தால் அடுத்த முறை அவளிடமும் வாய் திறக்க மாட்டான். தொந்தரவு எல்லை மீறினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம் என்பதையும் பொதுவாகப் பேசுவதுபோல் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னால் ஆக வேண்டியது ஒன்று உண்டு. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் உன் எண் மட்டும்தான் இருக்கிறது. பலத்த மழைக்காக ஆட்சியர் விடுமுறை அறிவித்தாலும், பேருந்து தாமதமானாலும், செய்தி முதலில் மஸ்கட்டுக்குப் போகிறது. நீ பணியில் இருந்தால் எங்களுக்குத் தெரிவதற்குள் பையன் தெருமுனைக்குப் போய்விடுகிறான். என் எண்ணையும் சேர்க்கும்படியும், அவசரத்தில் அவனை அழைத்துச் செல்ல எனக்கும் உன் அம்மாவுக்கும் அனுமதி உண்டு என்றும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பு.

ஸ்கூட்டர் வாக்கு நீ கொடுத்தது. வேண்டாம் என்பதையும் நீயே அவனிடம் சொல்ல வேண்டும், தாத்தா தடுத்தார் என்று சொல்லாதே. பழைய சைக்கிளில் அவன் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறது. உயரமான சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைப் பக்கம் நான் அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா