ஆட்களைப் பிடித்து வைத்த நாள்

அன்புள்ள தோழிக்கு,

நீ கூப்பிட்டதெல்லாம் நேற்றுத்தான் போனில் வரிசையாக வந்து விழுந்தது. புயலடித்த நாளிலிருந்து டவர் இல்லை, கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீ கடிதத்தின் கடைசி வரிக்குத் தாவிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? மாடியில் இருந்த தகரக் கூரை போய்விட்டது. முன்வாசல் மரம் சாய்ந்துவிட்டது. மற்றபடி வீட்டுக்குப் பெரிய சேதமில்லை.

காற்றடித்த கதையை யார் சொன்னாலும் காற்றைப் பற்றித்தான் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்குக் காற்றைவிட வீட்டு ஆட்களைச் சமாளித்ததுதான் பெரும்பாடு. எச்சரிக்கை முந்தின நாளே வந்துவிட்டதால் பூந்தொட்டி, நாற்காலி, வாளி எல்லாவற்றையும் மாடியிலிருந்து இறக்கியாயிற்று. பாத்திரங்களில் தண்ணீர் பிடித்தாயிற்று. டார்ச், மருந்து, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரு பையில். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் வீட்டில் ஒருவராலும் முடியாத காரியம்!

முதலில் என் மகன். அறிவிப்பில் 70 கிலோமீட்டர் வேகம் என்றதும், "எழுபதுதானேம்மா, பைக்கிலேயே அவ்வளவு போறோமே" என்றான். (அவன் பைக்கில் எழுபது போகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அது தனி வழக்கு.) அறிவிப்பில் சொல்லும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் சில நிமிடங்களுக்கு அளந்து எடுத்த சராசரி. நடுநடுவே இரண்டு மூன்று நொடி வந்து அறைகிற வீச்சு அதைவிட ஒன்றரை மடங்குகூட இருக்கும். ஓட்டைப் பெயர்ப்பதும் கிளையை முறிப்பதும் அந்த வீச்சுதான், சராசரி இல்லை. அவன் இயற்பியல் படிக்கிறவன் ஆயிற்றே, வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் எத்தனை மடங்கு என்று கேட்டேன். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டான். நான்கு மடங்கு. 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ எடைக்கு அழுத்தும். அதே காற்று 120-இல் வந்தால் 70 கிலோ. அதற்குப்பிறகு பைக் பேச்சே எடுக்கவில்லை.

சின்னவளுக்கு வேறு வேலை கொடுத்தேன். பியூஃபோர்ட் அளவுகோல் பள்ளியில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒருவர் போட்டது. முதலில் கப்பல் பாய்களை வைத்துத்தான் கணக்கு, பிற்பாடு தரைக்கும் மாற்றிக்கொண்டார்கள். கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் காதும் போதும். சுள்ளி ஒடிந்தால் 8, ஓடு பறந்தால் 9, மரம் வேரோடு சாய்ந்தால் 10. கடைசி எண்ணான 12 என்றால் 118 கிலோமீட்டரும் அதற்கு மேலும். ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன். காற்று வலுக்கும்வரை ஜன்னலிலிருந்து தள்ளி நின்று பார்த்தாள், பிறகு உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்து காதாலேயே எண் போட்டுக்கொண்டிருந்தாள். பயப்படுவதற்கு அவளுக்கு நேரமே இல்லை.

மதியத்துக்குமேல்தான் உண்மையான காற்று. எங்கள் வாசல் கதவு காற்றுக்கு நேர் எதிர். ஒவ்வொரு வீச்சுக்கும் கதவு ஒரு விரற்கடை உள்ளே வந்து, வீச்சு அடங்கியதும் தானே பின்வாங்கும். மேல் தாழ்ப்பாளின் திருகு ஒன்று, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மரத்தூளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அதன் மரை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தெரிய என் வயிறு கலங்கிவிட்டது. இவர் போய்க் கதவில் தோளைக் கொடுத்து நின்றார். "அப்பா, அந்தக் கதவு இரண்டு சதுர மீட்டர். காற்று 120-ஐத் தொட்டால் 140 கிலோ, தள்ளி வாங்க" என்று பையன் உள்ளேயிருந்து கத்தினான். கட்டிலையும் துணி பீரோவையும் நகர்த்தி முட்டுக்கொடுத்துவிட்டு, எல்லோரும் ஜன்னலில்லாத உள்ளறைக்குப் போய்விட்டோம்.

அங்கே அத்தை ஆரம்பித்தார். "பின்பக்க ஜன்னலைத் திறந்து விடும்மா, அழுத்தம் வெளியே போகட்டும், இல்லேன்னா வீடு வெடிச்சிடும்." அவரைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவிலேயே சூறாவளிக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகுதான் அது தவறு என்று கைவிட்டார்கள். காற்று கூரையைத் தாண்டிப் போகும்போது மேலே உறிஞ்சி இழுக்கிறது, ஓரத்திலும் மூலையிலும் அது இன்னும் அதிகம். ஏதாவது வழியாகக் காற்று வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டால் கீழேயிருந்து தள்ளவும் தொடங்கிவிடும். மேலே இழுப்பு, கீழே தள்ளல், இரண்டும் சேர்ந்தால் கூரை நிற்காது. வீடு பிழைப்பது மூடிய கதவில்தான். இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன் என்றா நினைக்கிறாய்? "திறந்தா மழைத்தண்ணி உள்ளே வந்துடும் அத்தை" என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்.

மாடியில் தகரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்ததும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மூலையில ஒரு திருகுதான் கழண்டிருக்கும், கயிறு போட்டுக் கட்டிட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன்" என்கிறார். மாடிக் கதவுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பாயைச் சுருட்டுவதுபோல ஒரு சத்தம், அதன்பின் படபடப்பே இல்லை. சின்னவள் தாளைப் பார்த்து "ஒன்பது!" என்றாள். இவர் அப்போதும் பேசவில்லை, ஆனால் அது வேறு மாதிரி பேசாமை. மறுநாள் அந்தத் தகரத்தை மூன்றாவது வீட்டு மதில்மேல் கண்டெடுத்தோம், நடுவே மடிந்துபோய்.

சாயங்காலம் "பத்து" வந்தது. முன்வாசல் மரம் சாய்ந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தரைதான் லேசாக அதிர்ந்தது.

காற்று அடங்கியபின் இன்னும் மோசம். தெருவே வெளியே வந்துவிட்டது. ஒரு பையன் அறுந்து கிடந்த மின்கம்பியைக் குச்சியால் ஒதுக்கப் போனான். ஊரெல்லாம் கரண்ட் இல்லையே என்கிறான். எங்காவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தாறுமாறாக இணைத்திருந்தால் அதே கம்பியில் பின்வழியாக மின்சாரம் வந்துவிடும், ஈரத் தரையில் பக்கத்தில் போவதே ஆபத்து. சொன்னபடியே அடுத்த வீட்டுக்காரர் ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார், அதுவும் மூடிய கார் ஷெட்டுக்குள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். போய்ச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனாலும் வெளியே நகர்த்திவிட்டார். அன்றைக்கு என்மேல் கோபப்பட்டவர்கள் பட்டியலில் இன்னும் ஒருவர், அவ்வளவுதான்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். முழுதாக விழவில்லை, மதிலில் சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கத்து வேர் மண்ணோடு பெயர்ந்து மேலே வந்திருக்கிறது, மறுபக்கத்து வேர் அறுந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் வெட்டச் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை. 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தில் ஒரே இரவில் சுமார் 1.5 கோடி மரங்கள் சாய்ந்தனவே, இலை உதிராத நேரம், மழையில் ஊறிய மண். அப்போது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் டர்னர் ஓக் என்ற பழைய மரத்தைக் காற்று வேரோடு தூக்கி அதே குழியில் திரும்ப இறக்கிவிட்டதாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முட்டுக்கொடுத்து விட்டுவைத்தார்கள். அதுவரை வாடிக்கொண்டிருந்த மரம், சில ஆண்டுகளில் செழித்து வளர்ந்திருக்கிறது. ஆட்கள் மிதித்து மிதித்து இறுகிக் கிடந்த மண் இளகியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் மரத்தடியும் பைக் நிறுத்தி நிறுத்தி இறுகிப்போன மண்தான்.

ஆனால் அது நேராக உட்கார்ந்த மரம், இது சாய்ந்த மரம். பின்னால் யார் தலையிலாவது விழுந்தால் என்ன செய்வது என்று இவர் கேட்பதற்கு என்னிடம் பதிலில்லை. நீ தாவரவியல் படித்தவள், எத்தனை மரங்களை நட்டு வளர்த்தவள். மேல் கிளைகளைக் கழித்துவிட்டு நிமிர்த்திக் கட்டினால் பிடிக்குமா? எத்தனை நாளைக்கு முட்டு வேண்டும்? வேர்ப்பக்கம் நன்றாகத் தெரியும்படி படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோடாலியோடு ஆள் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி