நீ அனுப்பிய பாட்டைக் கேட்ட பிறகு

அன்பு மகளுக்கு,

நீ மிக்ஸ் செய்து அனுப்பிய பாட்டைக் கூடத்து ஸ்பீக்கரில் மூன்று முறை போட்டுக் கேட்டோம். மிருதங்கமும் கடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே நிற்கும்படி இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறாய். உன் வயதில் எனக்கு அந்தக் கை வந்திருக்கவில்லை. ஆனால் ‘ஸ’வும் ‘ஷ’வும் வரும் இடமெல்லாம் காது கூசுகிறது, ஜால்ரா பாடகியின் குரலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு நீ செய்த பாட்டுகளில் இந்தக் குறை இல்லை.

குரலில் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை, ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் மொத்தமாக வெட்டிவிடாதே, பாட்டின் உயிரே போய்விடும். அந்த எழுத்து வரும் நொடியில் மட்டும் அழுத்தும்படி டீ-எஸ்ஸரை வை. அதற்கும் அடங்காத இடங்களில் ஃபேடரைக் கையால் இறக்கு. ஜால்ராவைக் குறைத்தாலே குரல் தெளிந்துவிடும், குரலை மேலும் தீட்ட வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள். மணிக்கணக்கில் உரக்கக் கேட்ட காதுக்கு ட்ரெபிள் என்னும் உச்ச ஒலிகள் மந்தமாகத் தோன்றும், கை தானாக அவற்றைக் கூட்டும், மறுநாள் காலையில் அதே பாட்டு கீச்சிடும். 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும், ஆகவே 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, போனை இடது காதில் எடுத்தாலும் உடனே வலது காதுக்கு மாற்றிக்கொண்டாய். வேலை அலுப்பாக இருக்கும். உன் அம்மாவிடம் வாரம் ஒருமுறையாவது பேசு, அவள் போன் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறாள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேள்.

நாங்கள் டேப்பில் வேலை செய்த காலத்தில், அது ஹெட்டின்மேல் திரும்பத் திரும்ப ஓடினால் ட்ரெபிள் தேய்ந்துபோகும் என்பதால், பதிவு செய்யும்போதே சற்றுக் கூட்டி வைப்போம். கணினி வந்த பிறகு தேய்மானம் நின்றது, என் கை நிற்கவில்லை. பழக்கதோஷம் என்று உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். ஒரு பக்திப் பாடல் தொகுப்பு ‘காது வலிக்கிறது’ என்று திரும்பி வந்தபோது, என்னிடம் உதவியாளனாக இருந்த பையன்தான் அமைப்பை மாற்றிவிட்டான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனான். கேட்காமல் போனது என் காதுக்கு. அது தெரிந்தும் ஏழு ஆண்டுகள் அதே நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸ் செய்தேன். மேலே காது கூசுகிறது என்று எழுதினேனே, அதுவும் என் காது சொன்னதல்ல. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா ஒவ்வொரு ‘ஸ’வுக்கும் முகத்தைச் சுளித்தாள், பிறகு திரையில் 7,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு எழும்புவதைப் பார்த்தேன்.

என் காது சோதனையின் வரைபடமான ஆடியோகிராமின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீலப் பெருக்கல் குறி இடது காது. 4,000 என்று போட்டிருக்கும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்குவதைப் பார். அடுத்த மாதம் மறுபடி சோதனைக்குப் போகிறேன். நீ எந்தத் தேதியில் வர முடியும் என்று எழுது, இருவருக்கும் சேர்த்தே நேரம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா