முதல் ஊசியிலேயே கொழுப்பையும் பாருங்கள்

திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கு முதல் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்திலேயே கொழுப்பையும் சோதிக்கும்படி கேட்டு, மூதூரிலிருந்து எழுதுகிறேன்.

என் மூத்த மகள் 31ஆவது வாரத்தில் பிறந்தாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூக்கில் விட்ட மெல்லிய குழாய் வழியே என் பால் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ நாள் கண்ணாடிப் பெட்டியருகில் இருந்தேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சுகமாக இருக்கிறாள். ஆனாலும் ஏன் அப்படி ஆனது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடித் தேடி வாசித்தேன்.

கர்ப்பத்தில் இரத்தக் கொழுப்பு ஏறுவது இயல்பு. பிள்ளை வளர அது வேண்டும். கடைசி மாதங்களில் ட்ரைகிளிசரைட்டு என்ற இரத்தக் கொழுப்பு வகை இரண்டு மூன்று மடங்காவதுகூட வழமைதான். தொடக்க மாதங்களிலேயே அது மிகையாக இருப்பதுதான் யோசிக்க வேண்டிய விடயம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வில், அப்படியிருந்த தாய்மாருக்குப் பின்னர் பிரஷர் ஏறுவதும், 37 வாரத்துக்கு முன்பே மருத்துவர்கள் பிள்ளையை எடுக்க வேண்டி வருவதும் கூடுதலாக இருந்தன. கொலஸ்ட்ரோல் மிகக் குறைவாக இருந்தவர்களிலும் குறைமாதப் பிறப்பு கூடியதை அமெரிக்க ஆய்வொன்று கண்டது.

எல்லோருக்கும் சோதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொழுப்பைக் குறைத்தால் குறைமாதப் பிறப்பும் குறையும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள், சுகர், பிரஷர், அதிக எடை உள்ளவர்கள் இவர்களுக்காவது செய்யுங்கள். முதல் கிளினிக்கில் எப்படியும் இரத்தம் எடுக்கிறீர்களே! முடிவு தெரிந்தால் பிரஷரை அடிக்கடி பார்க்கலாம் அல்லவா?

ஒன்று மட்டும் கவனம். "கொழுப்பு" என்ற சொல் காதில் விழுந்தாலே எங்கள் பெண்கள் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார்கள். தயவுசெய்து பயம் காட்ட வேண்டாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை விடச் சொல்லுங்கள், சூடை மீனை விடச் சொல்லாதீர்கள். அதில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இருக்கிறது. கர்ப்பத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் குறைமாதப் பிறப்பு குறைந்ததை பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது.

என் தங்கை ஈச்சிலம்பற்றில் இருக்கிறாள். இப்போது ஒன்பது வாரம், சுகரும் இருக்கிறது. கொழுப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டுமென்றால் அவள் பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டும், காசும் கட்ட வேண்டும். அடுத்த கிளினிக்கில் அவளுக்கு இரத்தம் எடுக்கும்போது அதிலேயே இதையும் பார்த்து, அட்டையில் எழுதித் தாருங்கள்.

அன்புடன்,
மூதூரிலிருந்து ஒரு தாய்