செம்பு நகைகளை இரவெல்லாம் புளியில் ஊறவைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் அண்மையில் வெளிவந்த வீட்டுக் குறிப்பு ஒன்றில், கறுத்துப்போன செம்பு மோதிரம், காப்பு, வளையல் ஆகியவற்றை உப்புக் கலந்த புளிக்கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் நாரால் தேய்த்துக் கழுவினால் புத்தம் புதியதாகிவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. புளியும் உப்பும் செம்பைத் துலக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அண்டாவுக்கும் குடத்துக்கும் ஏற்ற முறையை விரலில் போடும் மெல்லிய மோதிரத்துக்கு அப்படியே சொல்வது சரியன்று. அதிலும் இரவு முழுவதும் ஊறவைக்கச் சொல்வது நகையைக் கெடுத்துவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செம்பு கறுப்பது அழுக்கினால் மட்டும் அன்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு முதலில் செம்பழுப்பாகவும் பிறகு கறுப்பாகவும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. வியர்வையிலுள்ள உப்பும் அமிலமும் சேரும்போது பச்சைக் களிம்பு பிடிக்கிறது. மோதிரம் போட்ட விரலில் பச்சை வளையம் விழுவதும் இதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவினால் அது போய்விடும், அஞ்ச வேண்டியதில்லை. களிம்பு செம்பின் இயல்பு என்பதால்தான், ஆணவ மலம் என்னும் அக அழுக்கு உயிரோடு ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பையே சைவ சித்தாந்தம் உவமையாகச் சொல்கிறது. ஆகவே ஒருமுறை துலக்கிய செம்பு மறுபடி கறுத்தால் அது போலி என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் அந்தக் கறுப்புப் படலத்தைக் கரைக்கின்றன. உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்து, கறுத்த காப்பின்மேல் விரலால் தடவிப் பாருங்கள். தடவிய இடத்தில் கறுப்பு கலங்கி, அடியிலிருந்து இளஞ்சிவப்பு நிறம் ஓரிரு நிமிடங்களிலேயே எட்டிப் பார்க்கும். வேலை அத்துடன் முடிந்தது. அதற்கு மேலும் ஊறவைத்தால், கரைவதற்குப் படலம் இல்லாத நிலையில், காற்றின் துணையோடு அமிலம் செம்பையே சிறிது சிறிதாக அரிக்கத் தொடங்கும். பளபளப்பு போய் மேற்பரப்பு சொரசொரப்பாகும். நுண்ணிய வேலைப்பாடு மழுங்கும். நீலப்பச்சையாக மாறிய கரைசல் நகையிலிருந்து கரைந்து வந்த செம்பையே காட்டுகிறது. அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் கைபடாமல் கொட்டிவிட வேண்டும்.

தேய்ப்பதைவிடக் கழுவுவதுதான் முக்கியம் என்று நான் கருதுகிறேன். பின்னல் வேலைப்பாடு உள்ள காப்பின் இடுக்குகளிலும் சங்கிலியின் கண்ணிகளிலும் உப்பு தங்கிவிட்டால், சில நாளில் அங்கிருந்து வெளிர்பச்சைப் பொடி உதிரும். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரக்காற்று பட்டால் மீண்டும் மீண்டும் அரிக்கும் தன்மை உடையது. பழைய வெண்கலத் திருமேனிகளை அழிப்பதும் இதே அரிப்புத்தான். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு வேதியியல் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டதே இந்த வெண்கல நோய்க்கு மருத்துவம் பார்ப்பதற்காகத்தான். ஆகவே துலக்கிய நகையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு தம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து அதில் ஒருமுறை முக்கியெடுத்து, மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் முழுதாக உலரவிட வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் கடைசி அலசலுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது. எங்களைப் போல் கடலோரத்தில் இருப்பவர்கள் உலர்த்தும் வேலையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இங்கே காற்றே உப்பாக வீசுகிறது.

இனி, எந்த நகைக்கு இது கூடவே கூடாது என்பதையும் அந்தக் குறிப்பு சொல்லியிருக்க வேண்டும். சிதம்பரம் கவரிங் முதலாக நம் பெண்கள் அணியும் கவரிங் நகைகள் பலவற்றில் அடியில் இருப்பது செம்பு அல்லது பித்தளை. மேலே தங்க முலாம் மட்டும்தான். அதைப் புளி போட்டுத் தேய்த்தால் முலாம் போய் அடியிலுள்ள சிவப்பு வெளியே வந்துவிடும். அது கறுத்தால் மென்மையான சோப்பு நுரையில் கழுவித் துடைக்கலாம்; அதற்கும் சரிவராவிட்டால் மறுபடி முலாம் போடக் கொடுப்பதே வழி. முத்து அல்லது பவழம் பதித்த மோதிரத்தை அமிலத்தின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. அவை இரண்டும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை என்பதால், புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்து ஒளி மங்கிப்போகும். அந்த மங்கலை எப்படித் தேய்த்தும் போக்க முடியாது. ஆக்சிடைஸ்டு என்று விற்கும் நகைகளில் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு, வேலைப்பாடு எடுப்பாகத் தெரியவேண்டும் என்று செய்தவரே ஏற்றியது. அதைத் துலக்கினால் அழகுதான் போகும்.

தாளில் பல் துலக்கும் பற்பசையைத் தடவித் தேய்ப்பது, அலுமினியத் தாளோடு சோடாத் தண்ணீரில் போடுவது போன்ற குறிப்புகளும் பரவி வருகின்றன. பற்பசையிலுள்ள அரைப்புத் துகள்கள் மெருகேற்றிய செம்பில் மெல்லிய கீறல் போடும். அலுமினியத் தாள் முறை வெள்ளி கறுப்பதற்கு உரியது. செம்புக்கு அதை நம்ப முடியாது. இரும்பு நாரும் வேண்டாம். அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்புள்ளி விழும். லேசாக மங்கிய நகைக்குப் புளியே தேவையில்லை. சலித்த திருநீற்றைத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தாலே போதும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முறை. நானும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

அன்றாடம் அணியும் காப்பைக் குளிக்கும்போதும், துணி துவைக்கும்போதும், குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் கழற்றிவைப்பது நல்லது. இரவில் கழற்றினால் வியர்வையைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். ரப்பர் பேண்டு சுற்றி வைக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. ரப்பரிலுள்ள கந்தகம் பட்ட இடத்தில் செம்பு பட்டையாகக் கறுத்துவிடும். காற்றுப் புகாத சிறு பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு தனியாகப் போட்டுவைத்தால் நெடுநாள் மங்காது. மோதிரத்தின் உட்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவினால் விரலில் பச்சை படியாது. ஆனால் அது தேய்ந்து உரியும்போது முழுவதையும் அகற்றிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இல்லாவிட்டால் உரிந்த இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

கோயில் வாசல்களிலும் திருவிழாக் கடைகளிலும் வாங்கும் நகையில் முலாம் இருக்கிறதா, அரக்குப் பூச்சு இருக்கிறதா, வெறும் செம்புதானா என்பதை விற்பவர்கள் சொல்லி விற்றால் வாங்குவோருக்குப் பேருதவியாக இருக்கும். தங்கள் மகளிர் பகுதியில் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, ஊறவைக்கும் நேரத்தையும், முத்து, பவழம், கவரிங் நகைகளுக்கு அந்த முறை ஆகாது என்பதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்.