மறு முனைக்கு ஓர் ஆள்

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. இங்கே எல்லோரும் நலம். வீட்டில் ஆச்சிக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உன் வீட்டு வளவில் ஓடு விலகி ஒழுகுகிறது. கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன். தமிழய்யாவுக்கு 90 ஆகப் போகிறது, அந்தக் குடையை மட்டும் இன்னும் யாரிடமும் தருவதில்லை.

எழுத உட்கார்ந்தது பேத்தியைப் பற்றி. தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி அவளை இறக்கியபோது, "பார்வையில்லாத பிள்ளையைக் கிணற்றில் விடுகிறாயே, புத்தி கெட்டுவிட்டதா?" என்று ஊர் கேட்கத் திட்டினாயே, அந்தப் பிள்ளைதான் சென்ற மாதம் சென்னையில் 100 மீட்டர் போட்டியில் நீந்தினாள். வயது 14.

பார்வையில்லாதவர்கள் நீந்தும் அவள் பிரிவுக்கு எஸ்11 என்று பெயர். லேசாக வெளிச்சம் தெரிகிறவர்களும் அதில் இருப்பதால், எல்லோருமே கறுப்படித்த கண்ணாடி அணிந்துதான் நீந்த வேண்டும். சுவர் நெருங்குவது தெரிய, குளத்தின் இரு முனையிலும் ஆளுக்கொருவர் நீண்ட கம்போடு நின்று தலையிலோ முதுகிலோ தட்டுவார்கள். எங்கள் கம்பு, பரணில் கிடந்த ஒட்டடைக் கம்புதான். நுனியில் டென்னிஸ் பந்தைத் துளைத்துச் செருகி, சைக்கிள் டியூபை வெட்டி இறுகச் சுற்றியிருக்கிறேன். முந்தித் தட்டினால் வேகம் போய்விடும், பிந்தினால் கை சுவரில் மோதும்.

அன்று நான் பிந்திவிட்டேன். பக்கத்துத் தடத்துப் பிள்ளை பாய்ந்து வந்ததில் ஒரு கணம் கண் அங்கே போய்விட்டது. இவள் விரல் சுவரில் இடித்து, நகக்கண்ணில் ரத்தம். ஐந்தாவது இடம். மேலே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு, "ஐயா, யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகுதான் டிரிஷா ஜோர்னைப் பற்றித் தேடிப் படித்து, ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்குச் சொன்னேன். பிறவியிலேயே பார்வைக் குறை உள்ள அமெரிக்கப் பெண். 1980-இல், பார்வையுள்ளவர்களோடு ஒலிம்பிக் அணிக்கான தேர்வில் 200 மீட்டர் மல்லாந்து நீச்சல் நீந்தி, நொடியில் நூற்றில் ஒரு பங்கில் இடத்தை இழந்தார். "அது எவ்வளவு ஐயா?" என்றாள் பேத்தி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தண்ணீரில் ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது. அவள் கட்டைவிரல் நகத்தைத் தொட்டு, "இவ்வளவுதான்" என்றேன். வெகுநேரம் அந்த நகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதே ஆண்டு நெதர்லாந்தின் ஆர்னெமில் நடந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் ஜோர்னுக்கு 7 தங்கம். 1988-இல் சியோலில் 12. மொத்தம் 55 பதக்கம், அதில் 41 தங்கம். ஆனால் என் மனதில் நிற்பது 2004-இல் ஏதென்ஸில், 40 வயதில் வாங்கிய அந்தக் கடைசி வெண்கலம். பள்ளி ஆசிரியையாகவும் வேலை பார்த்துக்கொண்டு 24 ஆண்டுகள் தண்ணீரை விடவில்லையே! "நம் நாட்டில் யாரும் இல்லையா?" என்று கேட்டாள். 2017-இல் மெக்சிகோவில் நடந்த உலகப் போட்டியில் 200 மீட்டர் கலப்பு நீச்சலில் தங்கம் வென்ற காஞ்சனமாலா பாண்டேயைச் சொன்னேன். இப்போது அந்தப் பெயரைத் தன் பிரெயில் நோட்டின் முதல் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறாள்.

இவளும் 40 வயது வரை நீந்துவாள் என்றுதான் தோன்றுகிறது. அதுவரை நான் கம்பு பிடிக்க முடியாது, உனக்கே தெரியும். இப்போதே பயிற்சியில் இரு முனைக்கும் நான் ஒருவன்தான். அவளோடு குளத்தோரமாக ஈரத்தரையில் விரைந்து நடந்து மறு முனைக்குப் போகிறேன். வழுக்கி விழுந்தால் அவளுக்கு யார் தட்டுவது?

தையில் படைப்புக்கு எப்படியும் வருவாய். இந்த முறை பத்து நாளாவது தங்கு. கைநடுக்கம் இல்லாதவன் நீ, கேரம் பலகையில் பார்த்திருக்கிறேன். உனக்கும் ஒரு கம்பு செய்துவிட்டேன். பந்து உன் வீட்டுப் பட்டாலையில் கிடந்தது, கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

உன்,
பழைய நண்பன்