உறைபனியைக் காட்டி அறிவியலை மறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் எங்கள் ஊர் விழா ஒன்றில் மேடையேறிய அரசியல்வாதி ஒருவரின் பேச்சும், அதை ஆதரித்தும் எதிர்த்தும் வாசகர்கள் எழுதிய கடிதங்களும் சில வாரங்களாக உங்கள் பக்கங்களில் வந்துகொண்டிருக்கின்றன. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் சொன்னதையே டீக்கடையிலும் கோத்தகிரி பஸ்சிலும் நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கிறது, காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டித்தான் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் உலகம் எங்கே சூடாகிறது?" என்று கேட்டார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் 31 வருடம் எழுத்தராக இருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு மழைமானியைத் திறந்து அளந்து ஏட்டில் எழுதுவது என் முதல் வேலை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அங்குலம், சென்ட் என்று எழுதினார்கள், நான் மில்லிமீட்டரில் எழுதினேன். உறைபனி விழுந்த நாளுக்கு ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன், ஏனென்றால் அன்று எந்தப் பள்ளத்தில் கொழுந்து கருகியது என்று அடுத்த வாரம் மேனேஜர் கேட்பார். நான் விஞ்ஞானி கிடையாது. ஆனால் வானத்தைப் பார்த்து எழுதிவைக்கும் வேலையைப் பாதி ஆயுள் செய்திருக்கிறேன்.

சரி, உறைபனிக்கே வருகிறேன். இந்த மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது. மழைக்காலம் முடிந்து, நீர்ப்பனியும் ஓய்ந்து, வானம் கண்ணாடி மாதிரி தெளிந்து, காற்றும் அசையாமல், ஈரமும் இல்லாமல் இருக்கும் இரவில்தான் விழும். அதுவும் மேட்டில் இருக்கும் தோட்டத்தைவிடப் பள்ளத்தில் இருக்கும் காந்தலிலும் தலைகுந்தாவிலும் அதிகம் விழும், குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். பகலில் மண் வாங்கிய வெப்பம் இரவில் மேலே போகிறது, மேலே தடுத்து வைக்க மேகமோ நீராவியோ இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது, இல்லையென்றால் நேராக வானத்துக்குப் போய்விடுகிறது, மண் உறைகிறது. அதனால்தான் தெளிந்த வானத்தைப் பார்த்தவுடன் எங்கள் ஆட்கள் தாகைச் செடியை வெட்டிக்கொண்டு வந்து இளம் செடிகளை மூடுவார்கள்.

இதை 1859 முதல் சோதனைக்கூடத்தில் அளந்து காட்டியவர் ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை விட்டுவிடுகின்றன, மிகச் சிறிய அளவில் இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும்தான் பிடித்துவைக்கின்றன என்று காட்டினார். ஒரே ஓர் இரவு காற்றிலிருந்து நீராவியை எடுத்துவிட்டால் இங்கிலாந்தின் செடிகொடிகள் உறைபனியில் மடிந்துபோகும் என்று அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்துப் பள்ளம்தான் கண்ணில் வந்தது. மேடையில் அந்த அரசியல்வாதி எந்த உறைபனியைக் காட்டி அறிவியலை மறுத்தாரோ, அந்த உறைபனியே அந்த அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நம் வாசலில் காட்டுகிறது. 1896இல் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். அவர் இந்தக் கட்சியும் கிடையாது, அந்தக் கட்சியும் கிடையாது.

தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்ததைப் பனிப்பாறைக்குள் சிக்கிய பழைய காற்றுக்குமிழிகள் காட்டுகின்றன. 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடியது நாம் எரித்த நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்தது என்பது அந்தக் கரியின் அணு வகையைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. சூரியன்தான் காரணம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சூரியன் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும், ஆனால் கீழே சூடாகும்போது மேலடுக்கு குளிர்கிறது. கீழே வெப்பம் பிடித்துவைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

ஒரு பகலுக்கும் இரவுக்கும் ஊட்டியில் இருபது டிகிரி வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு. உலக சராசரி ஒன்றரை டிகிரி ஏறினால் உறைபனி நின்றுவிடும் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவாகி, 1951க்குப் பிறகு இதுதான் அதிகம் என்று செய்தி வந்ததே, அதை மட்டும் வைத்தும் நான் வாதாட மாட்டேன். ஒரு நாள் குளிரும் ஒரு நாள் வெயிலும் வானிலை. முப்பது வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் பருவநிலை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் ஏடுகளை மட்டும் பார்த்தால் நேர்கோடு ஒன்றும் தெரியாது. நல்ல வருடம், கெட்ட வருடம், மூன்று வருட வறட்சி, அதற்கு அடுத்து வெள்ளம் என்று மேலும் கீழுமாகத்தான் இருக்கும். அதனால்தான் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான இடங்களில் அளக்கிறார்கள், கடலில் அளக்கிறார்கள், செயற்கைக்கோளில் அளக்கிறார்கள். அப்படிச் சேர்த்துப் பார்த்ததில் 2024தான் பதிவான வருடங்களிலேயே வெப்பமான வருடம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஒன்றரை டிகிரியைத் தாண்டிய முதல் வருடம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

சந்தேகப்படுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ரிச்சர்ட் முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த வெப்பநிலைக் கணக்குகளை நம்பாமல், எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து தானே ஆராயத் தொடங்கினார், அதற்குப் பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழிலில் இருப்பவர்களின் அறக்கட்டளையும் உண்டு. 2012இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: வெப்பம் ஏறியது உண்மை, காரணம் மனிதன்தான், நான் மனம் மாறிவிட்டேன் என்று. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போகலாம் என்று தவறாக எழுதியது. நம் நாட்டுப் பனியாற்று ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பினார்கள், 2010 ஜனவரியில் குழு தவறை ஒப்புக்கொண்டது. இதைக் காட்டி "பார், எல்லாம் பொய்" என்கிறார்கள். தவறைக் கண்டுபிடித்து, ஒப்புக்கொண்டு, திருத்துகிற இடத்தை நான் அதிகம் நம்புகிறேன். எந்த அரசியல் மேடையில் இது நடந்திருக்கிறது?

அரசியல்வாதியின் சந்தேகம் வேறு ரகம். 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் சபையில் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற உறுப்பினர் வெளியிலிருந்து ஒரு பனி உருண்டையை எடுத்துவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்று காட்டி, அதை வீசினார். அப்போது அவர் செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்கே தலைவர்! நம் ஊர் மேடையில் கேட்ட பேச்சு அதே பனி உருண்டைதான். 2002இல் ஃபிராங்க் லுன்ட்ஸ் என்ற அரசியல் ஆலோசகர் அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு எழுதிய குறிப்பில், விஞ்ஞானிகள் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்ற எண்ணத்தை மக்களிடம் தக்கவைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்லியிருந்தார். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலிருந்து போட்ட கணக்குகள் பெரும்பாலும் சரியாக இருந்ததைப் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். உள்ளே தெரிந்திருக்கிறது, வெளியே சந்தேகத்தை விற்றிருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் டிரம்ப் ஐ.நா. சபையில் நின்று பருவநிலை மாற்றம் என்பது உலகில் நடந்த மிகப் பெரிய மோசடி என்றார், பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உத்தரவில் அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நம் ஊரிலும் இல்லாமல் இல்லை. 2014 ஆசிரியர் தினத்தன்று ஒரு மாணவர் கேட்டதற்கு நம் பிரதமர், மாறியது பருவநிலை இல்லை, நாம்தான் மாறிவிட்டோம், வயதானவர்களுக்குக் குளிர் கூடுதலாகத் தெரிவது தாங்கும் சக்தி குறைவதால்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். அடுத்த வருடமே பாரிஸ் ஒப்பந்தத்தை இந்தியாவும் ஏற்றது, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், 2070க்குள் நிகர உமிழ்வை, அதாவது நாம் காற்றில் கூட்டும் கரியமில வாயுவைப் பூஜ்யமாக்குவோம் என்று அவரே அறிவித்தார். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் மேடையில் ஒருமுறை சொன்ன வார்த்தை பத்து வருடம் கழித்தும் டீக்கடையில் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு வாதம் இருக்கிறது, அதைத்தான் நான் மிகவும் யோசித்தேன். மண்சரிவுக்குக் காரணம் சரிவை வெட்டிக் கட்டிய கட்டடங்களும் ரிசார்ட்டுகளும்தான், பருவநிலை மாற்றம் என்று சொல்வது திசைதிருப்புவது என்று குன்னூர் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் கொட்டிய மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மேட்டுப்பாளையம் சாலை போனது, மலை ரயில் நின்றது. அப்போது நான் வேலையில் இருந்தேன். கான், அதாவது மழைநீர் வடிகால், அடைபட்ட இடத்தில்தான் மண் முதலில் இறங்கியது, தோட்டத்தில் வருடாவருடம் கான் வெட்டிவிட்ட சரிவுகள் பெரும்பாலும் நின்றன. இதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம், அதனால் மழை வரும்போது கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை, அவலாஞ்சிக்கும் கூடலூருக்கும் தென்மேற்கு, ஒரே மாவட்டத்தில் இரண்டு மழை, இரண்டு பக்கமும் அடி. 2024 ஜூலை 30 அன்று கூடலூருக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்களே, அன்றைய மழை பருவநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பெய்திருக்கிறது என்று பிறகு கணக்கிட்டுச் சொன்னார்கள். வெட்டப்பட்ட சரிவின் மேல் அந்தப் பத்து சதவீதம் விழுகிறது. இரண்டும் சேர்ந்துதான் கொல்கின்றன.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கட்டட விதிமீறலைப் பற்றி அரசியல்வாதிகளைக் கேட்டால் "இயற்கைச் சீற்றம், நாம் என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். பருவநிலையைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் கட்டடத்தால் வருவது" என்கிறார்கள். 2011இல் மத்திய அரசு அமைத்த மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே எதைச் செய்யக்கூடாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது. அதை எதிர்ப்பதில் கட்சி வேறுபாடே இருக்கவில்லை. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அதைச் சுருக்கிக் கொடுத்தது, அதுவும் திரும்பத் திரும்ப வரைவு அறிவிப்பாகவே வந்துகொண்டிருக்கிறது. அறிவியலை மறுப்பதால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெயில் ஏறி மழை தள்ளிப்போனால் செடியில் சிவப்புச் சிலந்தி வரும், விடாமல் தூறி மூட்டம் போட்டால் கொப்புள நோய் வரும், இரண்டுக்கும் மருந்து வாங்குவது அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிதான். லைன் வீட்டின் பின்சுவருக்கு மேலே இருக்கும் மண்ணைப் பார்த்துக்கொண்டே தூங்காமல் உட்கார்ந்திருப்பது அங்கே குடியிருக்கும் கொழுந்து பறிப்பவர்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு பக்கக் கருத்துக்கும் சம இடம் தருகிறோம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். என்ன செய்வது, யார் செலவைத் தாங்குவது, நம் மாதிரி நாடு எவ்வளவு வேகமாக மாறுவது என்பதில் நூறு கருத்து இருக்கலாம், அதற்கெல்லாம் இடம் கொடுங்கள். ஆனால் வெப்பம் ஏறுகிறதா, காரணம் யார் என்பது கருத்து இல்லை, அளவு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மழையளவைத் தினமும் போடுகிறீர்கள், பக்கத்தில் அந்த மாதத்தின் முப்பது வருட சராசரியையும், குறைந்தபட்ச வெப்பநிலையையும் சேர்த்துப் போடுங்கள். வானிலைத் துறையிடம் கேட்டால் கிடைக்கும். ஒரே ஒரு வருடம் போட்டுப் பாருங்கள், அடுத்த ஜனவரியில் உறைபனியைப் பற்றி யார் பேசினாலும் வாசகர் கையில் கணக்கு இருக்கும்.

தோட்டம் கைமாறியபோது பழைய காகிதங்களோடு என் மழை ஏடுகளும் எடைக்குப் போக இருந்தன, கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. மேடையில் பேசியவர் விரும்பினால் ஒரு நாள் வரட்டும், நீலக் கோடுகளையும் சேர்த்து, வருடம் வருடமாக அவரோடு உட்கார்ந்து பார்க்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட எழுத்தர்,
கோத்தகிரி